முகமே தெரியாம உச்சம் தொட்ட பேண்ட்... யார் இந்த 'கோஸ்ட்'? கோர்ட் வரை போன முகமூடி கதை!

மண்டை ஓடு மாதிரி மேக்கப், தலையில் போப் அணிவது போன்ற உயரமான தொப்பி, கையில் மைக். பின்னாடி ஒரே மாதிரி முகமூடி போட்ட வாத்தியக்காரர்கள். அவங்களுக்குப் பெயர் கிடையாது, முகம் கிடையாது. பார்த்தா பேய்ப் படம் மாதிரி இருக்கும். ஆனா பாட்டைக் கேட்டா, ரெண்டாவது தடவையே முணுமுணுக்கத் தோணும்.

இதுதான் ஸ்வீடன் நாட்டின் 'கோஸ்ட்' இசைக்குழு. 2025 மே மாதம், அமெரிக்காவின் பில்போர்டு 200 ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடிச்சது இந்த பேண்ட். ஹெவி மெட்டல் இசைக்கெல்லாம் காலம் முடிஞ்சுபோச்சு என்று சொல்லப்பட்ட நேரத்தில் இது நடந்தது.

இவங்க யாரு? முகத்தை மறைச்சே எப்படி இவ்வளவு பெரிய ஆளானாங்க? அந்த முகமூடியால வந்த வழக்கு என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

எங்கிருந்து வந்தது இந்த பேண்ட்?

ஸ்டாக்ஹோமிலிருந்து சுமார் 200 கி.மீ. தொலைவில் இருக்கும் ஊர் லின்ஷோப்பிங். பழமையான பெரிய தேவாலயம் ஒன்று இருக்கும் ஊர். 1981-ல் இங்கே பிறந்தவர் டோபியாஸ் ஃபோர்ஜ்.

இளம் வயதிலேயே பல பேண்டுகளில் இருந்தவர். 'ரெபக்னன்ட்' என்ற டெத் மெட்டல் குழுவில் பாடினார். 'சப்விஷன்', 'மேக்னா கார்ட்டா கார்ட்டெல்' போன்ற ராக் குழுக்களிலும் வாசித்தார். எதுவும் பெருசா போகலை.

2006-ல் ஒரு கிட்டார் மெட்டு அவருக்குக் கிடைத்தது. அதைச் சுற்றித்தான் 'கோஸ்ட்' பிறந்தது. பழைய ஹெவி மெட்டல், 70-களின் ராக், அதோடு 'ஆபா' குழு மாதிரி இனிமையான பாப் மெட்டு. இந்த மூணும் கலந்த இசை அது. வரிகளிலோ சாத்தான், சாவு, தேவாலயம்!

இதில் சுவாரஸ்யம் என்னன்னா, ஃபோர்ஜுக்குப் பாடகர் ஆகணும்னு ஆசையே இல்லை. கிட்டார் வாசிக்கத்தான் நினைச்சார். பிரபலமான பாடகர்கள் சிலரைக் கேட்டுப் பார்த்தார். யாரும் ஒத்துக்கலை. வேற வழியில்லாம அவரே பாடினார்.

2010 மார்ச்சில் மூன்று பாடல்களை 'மைஸ்பேஸ்' தளத்தில் போட்டார். சில நாட்களிலேயே இசை நிறுவனங்கள் தேடி வந்தன. அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டனின் 'ரைஸ் அபவ்' நிறுவனம் மூலமா முதல் ஆல்பம் 'ஓபஸ் எபானிமஸ்' வெளியானது. அதே மாதம் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் முதல் கச்சேரி.

ஏன் முகமூடி?

மேடையில் வேஷம் கட்டுவது ராக் இசைக்குப் புதுசு இல்லை. 70-களில் 'கிஸ்' குழு முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டே உலகம் சுற்றியது. டென்மார்க்கின் கிங் டைமண்ட் கறுப்பு வெள்ளை அரிதாரம் போட்டுப் பாடினார். அமெரிக்காவின் 'ஸ்லிப்நாட்' குழு 90-களின் கடைசியில் பயங்கர முகமூடிகளோடு வந்தது. ஃபின்லாந்தின் 'லார்டி' குழு ராட்சத வேஷத்தில் பாடி, 2006-ல் யூரோவிஷன் போட்டியையே ஜெயித்தது.

ஆனா கோஸ்ட் ஒரு படி மேலே போனது. அவங்க மறைச்சது முகத்தை மட்டும் இல்லை, பெயரையும்தான்.

பாடகரின் பாத்திரத்துக்கு 'பாப்பா எமெரிட்டஸ்' என்று பெயர். சாத்தானுக்குப் பூசை செய்யும் ஒரு தலைகீழ் போப். வாத்தியம் வாசிப்பவர்கள் எல்லாருக்கும் ஒரே பெயர்: 'பெயரில்லா கூல்கள்'. 'கூல்' என்றால் பிணம் தின்னும் பேய். அவங்களைப் பிரிச்சுக் காட்ட நெருப்பு, நீர், காற்று, நிலம், ஆகாயம் என்று அடையாளங்கள் மட்டும் இருந்தன. ஆல்பத்தில் பாடல் எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்கூட 'ஒரு கூல் எழுத்தாளர்' என்றுதான் இருந்தது.

பேட்டி என்றாலும் முகமூடியோட ஒரு 'கூல்' வந்து உட்காருவார். அப்படி வந்தவர்களில் ஃபோர்ஜும் ஒருவர். தன்னை ஒரு கிட்டார் கலைஞராகக் காட்டிக்கொண்டு, பாப்பாவைப் பற்றி வேற ஒரு ஆளைப் பற்றிப் பேசுவது போலவே பேசினார்.

எதிர்ப்பு வரலையா?

வந்தது. 2013-ல் வெளியான இரண்டாவது ஆல்பம் 'இன்ஃபெஸ்டிஸுமம்' அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பதிவானது. கிறிஸ்தவப் பக்தி அதிகமுள்ள பகுதி அது. கோரஸ் பாட ஆள் தேடினபோது, பாடல் வரிகளைப் பார்த்துட்டு பலரும் பின்வாங்கிட்டாங்க.

அதோடு முடியலை. ஆல்பத்தின் சிறப்புப் பதிப்பில் இருந்த ஓவியம் ஆபாசமாக இருக்கு என்று சொல்லி, அமெரிக்காவில் நான்கு சிடி தயாரிப்பு ஆலைகள் அச்சடிக்க மறுத்துவிட்டன. கடைசியில் அந்தச் சிறப்புப் பதிப்பு சிடிக்கும் சாதாரணப் பதிப்பின் படத்தையே பயன்படுத்த வேண்டியதாயிற்று.

ஆனா ஸ்வீடன் பட்டியலில் அந்த ஆல்பம் முதலிடம் பிடித்தது.

திருப்புமுனை எது?

பெரிய தலைகளின் ஆதரவு ஒரு காரணம். 'மெட்டாலிகா' குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு வெளிப்படையாகவே கோஸ்ட் ரசிகர். 'ஃபூ ஃபைட்டர்ஸ்' குழுவின் டேவ் க்ரோல் 2013-ல் இவங்களுக்கு ஒரு சிறு ஆல்பமே தயாரித்துக் கொடுத்தார். 2017-ல் 'அயர்ன் மெய்டன்' குழுவின் அமெரிக்கப் பயணத்திலும், 2019-ல் மெட்டாலிகாவின் ஐரோப்பிய ஸ்டேடியம் கச்சேரிகளிலும் முன்னணிக் குழுவுக்கு முன்பாக வாசிக்கும் வாய்ப்பு கிடைத்தது.

அடுத்தது கிராமி. 2015-ல் வந்த 'மெலியோரா' ஆல்பத்தின் 'சிரிஸ்' பாடலுக்கு, 2016 பிப்ரவரியில் சிறந்த மெட்டல் இசைக்கான கிராமி விருது கிடைத்தது. முகமூடியைக் கழற்றாமலேயே மேடை ஏறி விருதை வாங்கினாங்க.

மூணாவது காரணம்தான் ரொம்ப முக்கியம்: கதை. ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒரு புது 'பாப்பா' வருவார். பழையவர் வெளியேறுவார். 2017 செப்டம்பரில் கோத்தன்பர்க் கச்சேரியில், பாடிக்கொண்டிருந்த பாப்பா எமெரிட்டஸ் மூன்றாமவரை மேடையிலிருந்தே இழுத்துச் சென்றார்கள். பிறகு ஆக்சிஜன் உதவியோடு ஒரு முதியவர் வந்து, புது யுகம் தொடங்குகிறது என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு 'கார்டினல் கோப்பியா' என்ற புதுப் பாத்திரம் வந்தது. 2020 மார்ச்சில் மெக்சிகோ சிட்டியில் அவருக்கே பாப்பா எமெரிட்டஸ் நான்காமவராக முடிசூட்டு விழா நடந்தது.

எல்லாப் பாப்பாவுக்குள்ளும் இருந்தவர் ஒரே ஆள்தான். அது ரசிகர்களுக்கும் தெரியும். ஆனாலும், அடுத்து யார் வருவாங்க என்று சீரியல் பார்க்கிற மாதிரி காத்திருந்தாங்க. இடையிடையே யூடியூபில் குட்டிக்குட்டி எபிசோடுகளும் வந்தன.

முகமூடியைக் கழற்றியது யார்?

ரசிகர்கள் இல்லை, பத்திரிகையாளர்களும் இல்லை. ஒரு வழக்குதான்.

2017 ஏப்ரலில், முன்னாள் 'கூல்கள்' நாலு பேர் ஃபோர்ஜ் மீது லின்ஷோப்பிங் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாங்க. ஆல்பம், கச்சேரி மூலமா வந்த வருமானத்தில் நியாயமான பங்கு தரப்படலை, கணக்கும் காட்டலை என்பது அவங்க புகார். "நாங்க கூலிக்கு வாசிச்சவங்க இல்லை, பேண்டின் பங்குதாரர்கள்" என்பதுதான் அவங்க வாதத்தின் சாரம்.

ஃபோர்ஜ் தரப்பு இதை மறுத்தது. கோஸ்ட் ஆரம்பத்திலிருந்தே தன்னுடைய முயற்சி, மற்றவர்கள் சம்பளத்துக்கு வாசித்த கலைஞர்கள், பங்குதாரர் ஒப்பந்தமே கிடையாது என்பது அவர் நிலைப்பாடு.

வழக்கு நடக்கணும்னா பெயர் வேணும் இல்லையா? அத்தனை வருஷம் காப்பாற்றின ரகசியம் கோர்ட் ஆவணங்களில் அதிகாரபூர்வமாக உடைந்தது. பாப்பா எமெரிட்டஸ் என்பது டோபியாஸ் ஃபோர்ஜ்தான் என்பது ரசிகர்கள் நடுவே முன்பே பேசப்பட்ட விஷயம்தான். ஆனா உலக ஊடகங்களில் அந்தப் பெயர் பகிரங்கமாக அடிபட்டது அப்போதுதான். அதன்பிறகு ஃபோர்ஜ் தன் சொந்த முகத்தோடு, சொந்தப் பெயரிலேயே பேட்டி கொடுக்கத் தொடங்கினார்.

தீர்ப்பு என்ன?

2018 செப்டம்பரில் விசாரணை, அக்டோபரில் தீர்ப்பு. ஃபோர்ஜ் பக்கமே ஜெயித்தது. அவருக்கும் மற்ற கலைஞர்களுக்கும் நடுவே சட்டப்படியான பங்குதாரர் உறவு இருந்ததாக நிரூபிக்கப்படலை என்றது நீதிமன்றம். வழக்குப் போட்டவர்களே ஃபோர்ஜின் சட்டச் செலவையும் தரணும் என்று உத்தரவானது. அந்தத் தொகை அமெரிக்க மதிப்பில் சுமார் 1 லட்சத்து 45 ஆயிரம் டாலர்.

இந்த வழக்கு எழுப்பிய கேள்வி பெருசு. ஒரு பேண்டில் கிட்டார் கலைஞர் மாறினா ரசிகர்கள் கேள்வி கேட்பாங்க, சண்டை போடுவாங்க. முகமூடி போட்ட குழுவில் ஆள் மாறினா? அதே உடை, அதே முகமூடி. பார்வையாளருக்கு வித்தியாசமே தெரியாது. மர்மத்தைக் கொடுத்த அதே முகமூடி, வாசிக்கிறவரின் பேரம் பேசும் பலத்தையும் குறைச்சிடுது. பெயர் இல்லாதவருக்கு ரசிகர் கூட்டமும் இல்லை. வெளியே போனா, "நான்தான் அதில் வாசிச்சேன்" என்று சொல்லிக்கொள்ளவே சிரமப்படணும்.

ஃபோர்ஜ் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. நாடகக் கம்பெனியில் நடிகர் மாறலாம், நாடகம் தொடரும். கோஸ்ட்டை அவர் அப்படித்தான் பார்த்தார். சிக்கல் என்னன்னா, இது நாடகக் கம்பெனியா, பேண்டா என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் தெளிவாக்கலை. நண்பர்கள் சேர்ந்து தொடங்கின பல குழுக்களில் காசு வர ஆரம்பிச்சதும் வெடிக்கிற பிரச்சினை இது.

ரகசியம் உடைந்த பிறகு பேண்ட் விழுந்ததா?

இல்லை, இன்னும் வேகமாக வளர்ந்தது! பில்போர்டு 200 பட்டியலில் இவங்க ஆல்பங்கள் பிடித்த உச்ச இடங்களைப் பாருங்க:

• 2013 – இன்ஃபெஸ்டிஸுமம்: 28-வது இடம்
• 2015 – மெலியோரா: 8-வது இடம்
• 2018 – ப்ரீக்வெல்: 3-வது இடம்
• 2022 – இம்பெரா: 2-வது இடம்
• 2025 – ஸ்கெலெட்டா: முதலிடம்

அதாவது முகம் தெரிந்த பிறகு வந்த மூணு ஆல்பமும் முதல் மூணு இடங்களுக்குள்.

நடுவில் டிக்டாக்கும் கைகொடுத்தது. 2019-ல் வெளியான 'மேரி ஆன் எ கிராஸ்' பாடல், மூணு வருஷம் கழிச்சு 2022-ல் திடீர்னு வைரல் ஆனது. வேகத்தைக் குறைத்த வடிவத்தை யாரோ போட, லட்சக்கணக்கான வீடியோக்களில் அது பின்னணி இசையானது. பேண்டே அந்த மெதுவான வடிவத்தை அதிகாரபூர்வமாக வெளியிட்டது. பில்போர்டு ஹாட் 100 பாடல் பட்டியலில் கோஸ்ட் முதல்முறையாக நுழைந்தது அப்போதுதான். மெட்டல் இசையே கேட்காத பள்ளி மாணவர்கள்கூட ரசிகர்கள் ஆனாங்க.

போன் எடுக்கக் கூடாது... ஏன்?

செல்போன் வீடியோவால வளர்ந்த பேண்ட், 2025 உலகப் பயணத்தில் செல்போனுக்கே தடை போட்டது. அரங்கத்துக்குள் நுழையும்போதே போனைப் பூட்டும் பையில் போட்டுடணும். பை உங்க கையிலேயே இருக்கும். ஆனா அதற்கென ஒதுக்கிய இடங்களில்தான் திறக்க முடியும்.

2023 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் தங்கள் திரைப்படத்துக்காக நடத்திய இரண்டு கச்சேரிகளில் இதை முதலில் செய்து பார்த்தாங்க. கூட்டம் திரையைப் பார்க்காம மேடையைப் பார்த்தது. அந்த அனுபவம்தான் பிறகு மொத்தப் பயணத்துக்கும் விதியானது. புதுப் பாத்திரமான 'பாப்பா ஐந்தாம் பெர்பெச்சுவா' தலைமையில், 2025 ஏப்ரலில் மான்செஸ்டரில் தொடங்கியது அந்தப் பயணம்.

எல்லாமே இணையத்தில் கசிந்துவிடும் காலத்தில், ரசிகர் நேரில் வந்து பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கணும் என்பதே இதன் கணக்கு. முன்பு முகமூடி செய்த வேலையை இப்போ பூட்டிய பை செய்கிறது.

இது கோஸ்ட்டோடு முடியுமா?

முடியாது போலிருக்கு. கோஸ்ட் முதலிடம் பிடித்த அதே 2025 மே மாதத்தில், பிரிட்டனின் 'ஸ்லீப் டோக்கன்' குழுவும் தன் புதிய ஆல்பத்தோடு பில்போர்டு 200-ல் முதலிடம் பிடித்தது. அவங்களும் முகமூடிக்காரங்கதான். பெயரைச் சொல்லாதவங்கதான். தன் முகத்தைத் தானே தினமும் படம் எடுத்துப் போடும் காலத்தில், முகமே காட்டாத குழுக்களைத் தேடிப் போகுது இளைய தலைமுறை.

கோஸ்ட் மேடையில் இன்றைக்கும் ஃபோர்ஜைச் சுற்றி முகமூடி போட்ட கூல்கள் வாசிக்கிறாங்க. பெண் கலைஞர்களும் சேர்ந்திருக்காங்க. அவங்கள்ல பலரின் நிஜப் பெயரை ரசிகர்கள் இணையத்தில் எப்பவோ கண்டுபிடிச்சாச்சு. ஆனா மேடையில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டோபியாஸ் ஃபோர்ஜ் என்ற பெயர் மட்டும் இப்போ உலகத்துக்கே தெரியும்.