கல்லறைக்கு ஒரு ஜன்னல்

வீடு கட்டுகிறவன் ஜன்னல் வைக்கிறான், அது இயற்கை. கல்லறை கட்டுகிறவன் ஜன்னல் வைத்தால் அதற்கு என்ன அர்த்தம்? உள்ளே இருப்பவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்க்கப் போவதில்லையே!

அப்படி ஒரு கல்லறை அயர்லாந்து தேசத்தில் இருக்கிறது. பாய்ன் நதிக்கு மேலே உள்ள மேட்டில், சுமார் 85 மீட்டர் குறுக்களவு கொண்ட ஒரு குன்று. மனிதர் கட்டிய குன்று. பெயர் நியூகிரேஞ்ஜ். கி.மு. 3200 வாக்கில் அது எழுந்தபோது எகிப்தின் பெரிய பிரமிடு பிறக்க இன்னும் 600 வருஷத்துக்கு மேல் இருந்தது. கட்டியவர்கள் உழவர்கள். இரும்பையோ செம்பையோ அறியாதவர்கள்.

1699-ல் கல் எடுக்க வந்த ஆட்கள் தோண்டியபோது வாசல் தென்பட்டது. உள்ளே 19 மீட்டர் நீளத்துக்குக் குறுகலான வழி. முடிவில் ஓர் அறை. சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய கூரை இன்றும் நிற்கிறது. இறந்தவர்களின் எரிந்த எலும்புகள் அந்த அறையில் கிடைத்தன.

1962-ல் கார்க் நகரத்துப் பேராசிரியர் மைக்கேல் ஓகெல்லி அங்கே அகழ்வாராய்ச்சி தொடங்கினார். வாசலுக்கு மேலே கற்களால் அமைத்த ஒரு துவாரம் வெளிப்பட்டது. இது எதற்கு? யாருக்கும் புரியவில்லை. ஆனால் அக்கம்பக்கத்து ஜனங்களிடையே ஒரு பேச்சு வழங்கி வந்தது: வருஷத்தில் ஒரு நாள் சூரியன் அந்தக் கல்லறைக்குள் நுழைவானாம்! கர்ண பரம்பரைக் கதைதானே என்று பேராசிரியர் தள்ளிவிடவில்லை. வாசல் தென்கிழக்கு நோக்கியது. மார்கழிக் குளிரில், வருஷத்திலேயே பகல் மிகக் குறைந்த நாளில், சூரியன் உதிப்பது அந்தத் திசையில்தான்.

1967 டிசம்பர் 21. விடியுமுன் ஓகெல்லி அந்த இருட்டறைக்குள் போய்க் காத்திருந்தார். சூரியன் கிளம்பிச் சில நிமிஷங்கள் ஆயின. துவாரத்தின் வழியே மெல்லிய ஒளிக் கோடு ஒன்று நுழைந்து, தரையோடு தரையாக ஊர்ந்து அறைக்குள் வந்தது. அது விரிந்தது, அறை முழுவதும் துலங்கியது. சுமார் 17 நிமிஷங்கள்! பிறகு பழைய இருட்டு.

இதிலுள்ள சாமர்த்தியத்தைப் பாருங்கள். வழி உள்ளே போகப் போக உயர்கிறது. அறையின் தரை வாசலைவிட இரண்டு மீட்டர் மேலே இருக்கிறது. ஆகையால் வாசல் வழியே வரும் வெயில் அறையை எட்டாது. துவாரத்தின் வழியே வருவதுதான் எட்டும்.

இன்னொன்று. வாசலைப் பெரிய கல்லால் அடைத்து வைத்திருந்தார்கள். மனிதனுக்கு வழி இல்லை. சூரியனுக்கு மட்டும் வழி. உள்ளே அந்த ஒளியைக் காண உயிருள்ள கண் ஒன்றுகூட இல்லை! இன்று அதைக் காண ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பிக்கிறார்கள். சீட்டுக் குலுக்கித்தான் ஆள் எடுக்கிறார்கள்.

என் தந்தையார் காலமான பிறகு அவர் இருந்த அறையில் மாலைதோறும் அம்மா விளக்கேற்றி வைப்பாள்.

"அங்கே யாரம்மா இருக்கிறார்கள்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இருட்டாய் இருக்கக் கூடாதடா" என்றாள்.

அந்த உழவர்களைக் கேட்டிருந்தால் அவர்களும் வேறு என்ன சொல்லியிருப்பார்கள்?