சாவி கொடுக்கிற வாட்ச்

மலர்க்குழு நண்பர் போன் செய்து, "சரித்திரமா ஏதாவது எழுதிக் கொடுங்க. ஆனா கோயில் வரலாறு வேண்டாம், ஏற்கெனவே மூணு வந்திருக்கு" என்றார். பொழிச்சலூர்க்காரனிடம் இப்படிச் சொன்னால் என்ன செய்வது! எங்கள் ஊரின் பெருமையே அகத்தீஸ்வரர் கோயில்தான். வட திருநள்ளாறு என்று பெயர், சனிக்கிழமையானால் கூட்டம். சனி பகவான் ஒரு சுற்று வர ஏறக்குறைய முப்பது வருஷம் ஆகும். அவரை விட்டுவிட்டு, நிமிஷத்துக்கு ஒரு சுற்று வரும் விநாடி முள்ளைப் பற்றி எழுதுகிறேன்.

கடிகார விஷயத்தில் சென்னை லேசுப்பட்ட ஊர் அல்ல. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வுக்கூடத்தின் 'மெட்ராஸ் நேரம்'தான் பல ஆண்டுகள் இந்திய ரயில்களை ஓட்டியது. 1906 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்த இந்தியப் பொது நேரம் அதைவிட ஒன்பது நிமிஷம் முந்தியது. ஊரில் நேரம் இருந்ததே தவிர, கையில் வாட்ச் இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். சுவிஸ் வாட்ச் வசதிக்காரர் சமாசாரம். பின்னாளில் பர்மா பஜாரில் 'ஃபாரின் வாட்ச்' கிடைத்தது. எந்த வழியாக வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

சாதாரண சம்பளக்காரன் கையில் வாட்ச் கட்டியது எச்.எம்.டி. வந்த பிறகுதான். மெஷின் டூல்ஸ் செய்யவென்று 1953-ல் பெங்களூரில் தொடங்கிய அரசு நிறுவனம் அது. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, 1961-ல் அதே ஊரில் வாட்ச் தொழிற்சாலை போட்டது. முதல் வாட்ச்களை வெளியிட்டவர் பிரதமர் நேரு. பிறகு ஜனதா, பைலட், சோனா, கோஹினூர், ஆட்டோமேட்டிக்கில் காஞ்சன் என்று வரிசையாக வந்தன. மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுவது என்றால் எச்.எம்.டி. என்றுதான் அர்த்தம்.

என் அப்பாவின் கையில் இருந்தது ஜனதா. பொழிச்சலூரிலிருந்து சைக்கிளில் பல்லாவரம் ஸ்டேஷன், அங்கிருந்து மின்சார ரயிலில் கிண்டி தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் வேலை. காலையில் ரேடியோ செய்திக்கு முன் ஒலிக்கும் 'பீப்' சத்தத்துக்கு முள்ளைச் சரிசெய்து, சாவி கொடுத்துவிட்டுத்தான் காபி குடிப்பார்.

அந்த வாட்சைக் கெடுத்தவன் நான்தான். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு, 2007. கல்லூரியில் அளவியல் லேப் முடித்த தெம்பு. வாட்ச் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது, நாமே சரிசெய்து அப்பாவை அசத்தலாம் என்று பின்மூடியைக் கழற்றினேன். ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி ஹேர் ஸ்பிரிங்கில் பட்டது. தலைமுடி கனத்தில் சுருண்டிருக்கும் அந்தக் கம்பி கசங்கினால் அவ்வளவுதான். அப்பா திட்டவில்லை. பிஸ்கட் டின்னில் வாட்சைப் போட்டு பீரோவின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு, மறுநாளே ஒரு குவார்ட்ஸ் வாங்கிக் கட்டிக்கொண்டார். திட்டியிருக்கலாம் என்று இன்றும் தோன்றும்.

மாணவத் தம்பிகளுக்காக ஒரு கணக்கு. ஜனதாவின் உள்ளே 17 கல். பாலன்ஸ் வீல் மணிக்கு 18,000 தடவை அசையும், அதாவது விநாடிக்கு ஐந்து 'டிக்'. ஒரு நாளைக்கு 4,32,000. நாளொன்றுக்கு அரை நிமிஷம் தப்பினாலும் பிசகு நூற்றுக்கு 0.035 தான். லேத்தில் அந்தச் சுத்தத்தில் ஒரு ஷாப்ட் கடைந்து பாருங்கள், தெரியும்! குவார்ட்ஸ் விவகாரம் வேறு. அதில் படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிரும். அந்த எண்ணைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்தால் விநாடிக்கு ஒன்று வந்துவிடும். 1969 டிசம்பர் 25-ல் ஜப்பானில் செய்கோ இறக்கிய இந்தச் சரக்கு சுவிஸ்காரர்களையே ஆட்டிவைத்தது.

இந்தியாவில் அந்த அலையைக் கிளப்பியது நம் ஓசூர். 1984-ல் தமிழக அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து டைட்டன் கம்பெனியைத் தொடங்கின. தலைமை ஏற்றவர் செர்க்சஸ் தேசாய். கிராமப் பள்ளிகளில் படித்து முடித்த பிள்ளைகளைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, நுணுக்க வேலையில் உட்கார வைத்தார்கள். என் பார்வையில் டைட்டனின் பெரிய சாதனை இதுதான், விளம்பரத்தில் வந்த மொசார்ட் இசை அல்ல. 2002-ல் 3.5 மில்லிமீட்டர் கனத்தில் 'எட்ஜ்' வாட்ச் வந்ததும் இந்தக் கம்பெனியிலிருந்துதான். எச்.எம்.டி.யும் 1980களின் தொடக்கத்திலேயே குவார்ட்ஸ் செய்தது. ஆனால் சாவி வாட்சை விட மனசில்லை. வாட்ச் என்பது சட்டைக்குப் பொருத்தமாகப் போடும் பொருளாக மாறியதை அது கவனிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூடப்போகிறார்கள் என்றதுமே, அதுவரை சீந்தாதவர்களெல்லாம் ஜனதாவைத் தேடி ஓடினார்கள். நானும் ஓடினேன்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைதான் என் வேட்டைக் காடு. பழைய வாட்ச் வாங்கப் போகிறவர்கள் டயலைப் பார்த்து மயங்காதீர்கள். கேஸ் தேய்ந்திருக்க டயல் மட்டும் பளபளத்தால் மறுபடி பெயின்ட் அடித்தது. எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும், மணிக் கோடுகள் நேராக நிற்காது. நாலு வாட்சின் பாகங்களைக் கோத்து ஒன்றாக்கியதும் நிறைய வரும். அப்படிப்பட்டதைக் கண்டால் 'கலப்படம்' என்று முகம் சுளித்துக் கீழே வைத்துவிடுவேன்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி எங்கள் தெருவுக்குள் வந்தது. பீரோவின் கீழ்த்தட்டு முழுக்கத் தண்ணீர். சேறு கழுவும்போது அந்த பிஸ்கட் டின் கிடைத்தது. திறந்தால் உள்ளே துரு. குரோம்பேட்டையில் ஒரு பெரியவர், கண்ணில் லென்ஸை மாட்டி வெகுநேரம் பார்த்தார். "தம்பி, இதே வாட்ச் இன்னொண்ணு கொண்டா. ரெண்டையும் வச்சு ஒண்ணு பண்ணிடலாம்" என்றார். வேறு வழியில்லை. மூன்று வெள்ளிக்கிழமை அலைந்து, டயல் சிதைந்த ஆனால் நன்றாக ஓடிய ஒரு ஜனதாவைப் பிடித்தேன். அதன் மெஷின், அப்பாவுடைய கேஸ், அப்பாவுடைய டயல், முட்கள். டயலில் ஆறு மணிப் பக்கம் தண்ணீர்க் கறை. அதற்குப் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா காதில் வைத்துக் கேட்டார். "மெஷின் நம்மது இல்லையே" என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். "சரி, ஓடுதுல்ல" என்று கையில் கட்டிக்கொண்டார். நாளைக்கு நாற்பது விநாடி முந்துகிறது. காலையில் செல்போனைப் பார்த்துத் திருத்திவிட்டு, சாவி கொடுக்கிறார். பின்மூடியை மட்டும் என்னைத் தொடவிடுவதில்லை.