படத்துக்கு உடையவர் யார்?

பெரிய மனிதர் ஒருவர் ஓவியர் ஒருவரிடம் முன்பணம் கொடுத்துத் தம் உருவத்தை எழுதித் தருமாறு கேட்கிறார். அவர் விலை கொடுத்து வாங்குவது எதனை? ஓவியரின் கைத்திறனையா, கண்ணையா? கைத்திறனை மட்டுமே வாங்கியதாக எண்ணியிருந்தவருக்கு, ஓவியரின் கண்ணும் உடன் வந்து சேர்ந்துவிட்டால் என்ன நேரும்?

உருவப்படம் மாட்டும் வழக்கம் நம்மவர் இல்லங்களில் குறைவு. ஆயத்துல் குர்ஸி எழுதிய சட்டகமே நம் சுவர்களுக்கு அணி. ஆயினும் இவ்வினா நமக்குப் புறம்பானதன்று. முகலாயரின் ஓவியக்கூடங்களிலேயே அது எழுந்துவிட்டது.

1618ஆம் ஆண்டு. பேரரசர் ஜஹாங்கீரின் அவையைச் சேர்ந்த இனாயத் கான், அபினுக்கும் மதுவுக்கும் அடிமைப்பட்டு, எலும்பும் தோலுமாகி, சாகும் தறுவாயில் பேரரசர் முன் கொண்டுவரப்பட்டார். அந்தக் கோலத்தைக் கண்டு திகைத்த ஜஹாங்கீர், அவரை அப்படியே எழுதும்படி தம் ஓவியர்களைப் பணித்தார். செலவுக்கு இரண்டாயிரம் ரூபாயும் கொடுத்தனுப்பினார். மறுநாள் இனாயத் கான் இறந்துபோனார். இன்று ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கும் அவ்வோவியத்தைப் போல ஒளிவுமறைவற்ற உருவப்படம் முகலாயக் கலையில் அரிது. அது எவ்வாறு இயன்றது? எழுதச் சொன்னவர் ஒருவர்; எழுதப்பட்டவர் வேறொருவர். எழுதப்பட்டவருக்கோ, வேண்டாம் என்று சொல்லும் வலிமையும் இல்லை. ஓவியரின் நேர்மையை மெச்சும் நாம் இதனையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அந்த வலிமை எழுதப்பட்டவரிடம் இருந்தால் முடிவு வேறு. 1954ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எண்பது வயது நிறைந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இரு அவையினரும் சேர்ந்து, ஆயிரம் கினி ஊதியம் பேசி, அவருடைய உருவப்படத்தை எழுதும் பணியை நவீன ஓவியர் கிரஹாம் சதர்லாண்டிடம் ஒப்படைத்தனர். சர்ச்சிலும் தூரிகை பிடித்தவர்தாம். கார்ட்டர் விருதுக்குரிய அங்கியில் தோன்ற வேண்டும் என்பது அவரது விருப்பம். அவையினர்க்கோ, தாங்கள் நாள்தோறும் அவையில் காணும் உடையே வேண்டும். தம்மைத் தேவகுழந்தையாக எழுதப்போகிறீரா, புல்டாக் நாயாக எழுதப்போகிறீரா என்று அவர் ஓவியரிடம் வினவினாராம். ஓவியர் எழுதியதோ முதுமையை. நாற்காலியின் கைகளை இறுகப் பற்றியபடி, தளர்ந்தும் தணியாமலும் அமர்ந்திருக்கும் ஒரு முதியவர் அதில் இருந்தார்.

விழா மேடையில் சர்ச்சில் அதனை நவீனக் கலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு என்றார், அவையே சிரித்தது. படம் அவர் வீட்டுக்குப் போயிற்று. பின்னர் அதனை எவரும் பொதுவில் காணவில்லை. சர்ச்சிலின் துணைவியார் 1977இல் மறைந்த பிறகு, 1978இல்தான், அவரது விருப்பப்படி படம் முன்பே அழிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி வெளிவந்தது. விலை கொடுத்தது நாடாளுமன்றம். கண் ஓவியருடையது. தீர்ப்பு மட்டும் வீட்டுக்காரருடையதாயிற்று! ஓவியர் தீட்டிய முன்வரைவுகள் சில எஞ்சியிருப்பதால்தான் அது எத்தகைய படம் என்பதை நாம் ஓரளவேனும் அறிகிறோம்.

இனி நம் சென்னைக்கு வருவோம். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளி இங்கு உண்டு. 1929 முதல் அதனை நடத்திய தேவி பிரசாத் ராய் சௌதுரி, பிரமுகர்களின் உருவச் சிலைகளை வடிப்பதில் பெரும்பெயர் பெற்றவர். கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் வடித்ததே. அக்காலத்தில் இங்கே கலைக்குப் பணம் தரக்கூடியவர்கள் அரசினரும் செல்வர்களுமே; அவர்கள் பெரும்பாலும் கேட்டது ஒன்றே: பார்த்தவுடன் இன்னார் எனத் தெரிய வேண்டும். அவரை அடுத்து 1957இல் பள்ளியின் தலைமையை ஏற்ற கே. சி. எஸ். பணிக்கரின் மாணவர்களோ புதிய வழியில் எழுதினர். அதனை வாங்குவார் இல்லை. பட்டயம் பெற்று வெளியேறிய இளைஞன் ஒன்று விளம்பர நிறுவனத்துக்குப் போக வேண்டும். அன்றிச் செல்வர் வீட்டு உருவப்படத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

பணிக்கர் கண்ட வழி எளிமையானது. தூரிகையை விற்க வேண்டா. கையை மட்டும் விற்போம் என்றார். ஓவியர்கள் கைவினைச் சங்கம் ஒன்று அமைத்து, மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணிகளைச் செய்து விற்றனர். பாத்திக் நம்மவர்க்குப் புதிதன்று; சாவகத்திலிருந்தும் மலாயாவிலிருந்தும் கப்பலேறி வந்த பாத்திக் கைலியை அறியாத கடலோர ஊர் நம்மிடையே ஏது? அத்துணி விற்ற பணத்தைக் கொண்டுதான் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல்வெளியில் நிலம் வாங்கிச் சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவினர். முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் அதில் பங்குகொண்டனர். காலையில் துணி வயிற்றுக்கு. பிற்பகலில் ஓவியம் தமக்கு.

இதனால் புரவலரின் பிடி அடியோடு அகன்றுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மெழுகுக் கோட்டில் பழகிய கை, திரைச்சீலையிலும் அதே வளைவைத் தேடியிருக்கும். சென்னை ஓவியர்களின் கோட்டழகில் துணி வாங்கியோரின் பங்கும் சிறிது உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் எதனை எழுதுவது, யாரை எழுதுவது என்று கட்டளையிட எவரும் இல்லை. பணிக்கர் 1963 முதல் எழுதிவந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் முகமே பெரும்பாலும் மறைந்துவிட்டது. சாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், மலையாள எழுத்தை ஒத்து நின்றும் படிக்க இயலாத வரிகள்! எழுத்தையே அழகாகக் கொண்டு வாழ்ந்த நம் சமூகத்துக்கு இவை அந்நியமாகத் தோன்றா. எந்தச் செல்வர் முன்பணம் கொடுத்து இதனைக் கேட்டிருப்பார்?

அக்கிராமத்துக்கு வந்து குடியேறியவர்களுள் ஜே. சுல்தான் அலியும் ஒருவர். 1920இல் பம்பாயில் பிறந்து, சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று, ரிஷி பள்ளத்தாக்கில் ஆசிரியராகவும் தில்லி லலித் கலா அகாதமியில் அலுவலராகவும் பணியாற்றியவர். மாதச் சம்பளம் என்பதும் ஒருவகைப் புரவலர்தானே! அவர் படங்களில் பழங்குடியினரின் காளைகளும் பாம்புகளும் தொன்மக் கதைகளின் உருவங்களும் நிறைந்திருக்கும். நடுவே எழுத்து வரிகளும் ஓடும். ஒரு முஸ்லிம் இவற்றை ஏன் எழுதினார் என்று கேட்போர் உண்டு. அவரிடம் அவற்றை எழுதும்படி யாரும் கேட்கவில்லை என்பதே நான் அறிந்த விடை. 1990இல் அவர் மறைந்தார்.

எங்கள் பொத்தேரியிலிருந்து மின்ரயிலில் தாம்பரம் இறங்கி, வேளச்சேரி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் அக்கிராமத்தை அடைந்துவிடலாம். 2009இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் அத்தலைமுறையின் படைப்புகள் வைக்கப்பட்டுள்ளன. செல்வோர் பிள்ளைகளையும் அழைத்துச் செல்க. சுல்தான் அலியின் காளையைப் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் விரைவில் கண்டுகொள்கின்றனர்.