வாடகைதாரரின் வழக்கறிஞர் உரிமை (அமெரிக்கா)

வீட்டைக் காலி செய்யக் கோரும் வழக்கில் வாடகைதாரருக்குப் பொதுச் செலவில் வழக்கறிஞரை அமர்த்தித் தரும் சட்ட ஏற்பாடு. உரிமையியல் சட்ட உதவியின் ஒரு வகை.

கிடியன் எதிர் வெயின்ரைட் வழக்கில் 1963இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கடுமையான குற்றம் சாட்டப்பட்ட ஏழைகளுக்கு வழக்கறிஞரை உறுதிசெய்தது. குடியிருக்கும் வீட்டை இழக்கவிருப்பவருக்கு அது பொருந்தவில்லை. நியூயார்க் வீட்டுவசதி நீதிமன்றங்களில் உரிமையாளர் வழக்கறிஞரோடு வருவார். வாடகைதாரர் பெரும்பாலும் தனியாக நிற்பார். நடைக்கூடத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நீட்டும் சமரசத் தாளில், விளைவு புரியாமலேயே கையெழுத்திட்டவர்கள் பலர். இது சமமற்ற போட்டி.

மேயர் பில் டி பிளாசியோ 2017 ஆகஸ்டில் கையெழுத்திட்ட சட்டத்தால், இவ்வுரிமையை வழங்கிய முதல் அமெரிக்க நகரமானது நியூயார்க். கூட்டாட்சி வறுமைக் கோட்டின் இரு மடங்குக்கு மேற்படாத வருமானமுள்ளோருக்கு வழக்கறிஞரே வாதாடுவார். மற்றவர்களுக்குச் சட்ட ஆலோசனை கிடைக்கும். அஞ்சல் குறியீடு வாரியாகத் தொடங்கிய திட்டம் 2021இல் நகர் முழுவதற்கும் விரிந்தது.

நோட்டீஸ் முறைப்படி சேர்ந்ததா, பாக்கிக் கணக்கு சரியா, சட்டம் அனுமதித்த வாடகைதான் கேட்கப்படுகிறதா, குளிர்காலத்தில் வெப்பமூட்டி இயங்கியதா என வழக்கறிஞர் துருவிப் பார்ப்பார். வழக்கு தள்ளுபடியாவதற்கோ, பாக்கியைத் தவணையில் கட்டும் அவகாசத்துக்கோ இவையே வழி திறக்கின்றன.

சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்கள் 2018இல் இதை ஏற்றனர். வாஷிங்டன் 2021இல் இவ்வுரிமை தந்த முதல் மாநிலமானது. நியூயார்க்கில் பெருந்தொற்றுக் கால வெளியேற்றத் தடை 2022 ஜனவரியில் முடிந்தபின் வழக்குகள் பெருகின. வழக்கறிஞர் பற்றாக்குறையால், தகுதி இருந்தும் பலர் தனியாகவே நீதிமன்றம் ஏறுகின்றனர்.