முள்ளைச் சூழ்ந்த உயிரணுக்கள்

வெளிக்காட்டு வேலையில் காலில் முள் ஒடிந்து தங்கினால், அவ்விடம் வீங்கிச் சீழ் பிடிக்கிறதல்லவா? அதன் காரணத்தை அறிய உதவியதும் ஒரு முள்தான்.

1882ஆம் ஆண்டு இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்த ரஷ்ய விஞ்ஞானி மெச்னிக்கோவ், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடலில் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாள் காலை உருப்பெருக்கியில் பார்த்தார். நகரும் உயிரணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன!

நம் இரத்தத்து வெள்ளை அணுக்களும் இவ்வாறே கிருமிகளைச் சூழ்ந்து விழுங்குகின்றன என்றார் அவர். சீழ் என்பது பெரும்பாலும் அப்படிப் போரிட்டு மடிந்த வெள்ளை அணுக்களே. ஆனால் மருத்துவர் பலர் இதை ஏற்கவில்லை. வெள்ளை அணுக்கள் கிருமியைச் சுமந்து பரப்புவதாகவே எண்ணியிருந்தனர். பாவம், காவற்காரன்மீதே திருட்டுப் பழி! வேறு சிலர், கிருமியை அழிப்பது இரத்த நீரே என்று வாதிட்டனர். 1908இல் நோபல் பரிசு மெச்னிக்கோவுக்கும், இரத்த நீரின் எதிர்ப்புப் பொருள்களை ஆராய்ந்த ஜெர்மானியர் எர்லிக்குக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. உடலுக்கு இரண்டு காவலும் உண்டு.