பழைய கடைசல் இயந்திரமும் நயாகராவின் 25 சைக்கிளும்



ஒன்ராறியோவில் வீட்டுக் கராஜில் தச்சுவேலை செய்யும் எம்மவர் சிலர் பழைய மரக் கடைசல் இயந்திரங்களை மலிவாக வாங்குவதுண்டு. வார்ப்பிரும்பு உடல் தலைமுறைகள் தாண்டியும் நிற்கும். மோட்டர் அப்படியல்ல. அது பழுதானதும் "அரைக் குதிரைவலு போடுவதா, முக்காலா?" என்றுதான் பலரும் கேட்பார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு. இந்தக் கப்பிகள் எந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவை? இந்தக் கேள்விக்குப் பின்னால் இந்த மாகாணத்தின் மின்சார வரலாறே இருக்கிறது.

1895இல் நயாகராவின் அமெரிக்கக் கரையில் பெரிய மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் நீர்ச்சுழலிகள் நிமிடத்துக்கு 250 தடவை சுற்றின. மின்பிறப்பாக்கிகளுக்கு 12 முனைவுகள். ஆகவே கிடைத்தது செக்கனுக்கு 25 சைக்கிள் மின்சாரம். பெரிய இயந்திரங்களுக்கு அது ஒத்துவந்தது. மின்குமிழ்களோ கண்ணுக்குத் தெரியும்படி மினுங்கின. கனடியக் கரையும் அதே வழியில் சென்றது. 1910 ஒக்ரோபரில், பின்னாளில் கிச்சினர் எனப் பெயர் மாறிய பேர்ளின் நகருக்கு நயாகரா மின்சாரம் வந்தபோதும் அது 25 சைக்கிள்தான்.

ஆடலோட்ட மோட்டரின் வேகத்தைத் தீர்மானிப்பவை மின்சாரத்தின் மீடிறனும் முனைவுகளின் எண்ணிக்கையுமே. மீடிறனை 120ஆல் பெருக்கி, முனைவுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வேகம் வரும். 25 சைக்கிளில் இரண்டு முனைவு மோட்டருக்கு 1,500. 60இல் நான்கு முனைவு மோட்டருக்கு 1,800. சுமை ஏறினால் இவை ஏறக்குறைய 1,425, 1,725 ஆகக் குறையும்.

1949 முதல் 1959 வரை ஒன்ராறியோ ஹைட்ரோ தென் ஒன்ராறியோவை 60 சைக்கிளுக்கு மாற்றியது. வேலையாட்கள் வீடு வீடாகச் சென்று சலவை இயந்திரம், குளிர்சாதனப்பெட்டி, மணிக்கூடு என ஒவ்வொன்றையும் மாற்றினார்கள், அல்லது திருத்தினார்கள். எனினும் பழைய மோட்டரின் தகட்டில் 25 என்ற எண் இன்றும் கண்ணில் படலாம். அத்தகைய மோட்டரை வீட்டு மின்சாரத்தில் பூட்டக் கூடாது. இரண்டு முனைவு மோட்டரானால் 3,600ஐ நோக்கி ஓடப் பார்க்கும், இழுவையும் குறைந்துவிடும்.

வட அமெரிக்காவில் வீட்டுப் பட்டறைகளுக்கென விற்ற பழைய கடைசல் இயந்திரங்களில் பெரும்பாலானவை 1,725 சுற்று மோட்டருக்காகவே அமைந்தவை. அதில் 3,450 சுற்று மோட்டரைப் பூட்டினால் கப்பியின் ஒவ்வொரு படியிலும் வேகம் இரட்டிப்பாகும். 12 அங்குல விட்டமுள்ள மரக் கிண்ணத்துக்கு 500 முதல் 750 சுற்று போதும் என்பது கடைசல்காரர் கணக்கு. 600 இருக்க வேண்டிய இடத்தில் 1,200 ஓடினால் மரத்துண்டு பிடியை விட்டுப் பறந்து முகத்தில் அடிக்கும். உயிருக்கே ஆபத்து.

எமது ஊர் மின்சாரம் 50 சைக்கிள். அங்கே 1,440 என்று எழுதிய மோட்டரே பழக்கமானது. அது இங்கே ஐந்திலொரு பங்கு கூடுதலாக ஓடும். அதற்கு வேண்டியது 230 வோல்ற் என்பதையும் மறக்கக் கூடாது.

வேகம் சரியானால் மிச்சத்தைப் பார்க்கலாம். மரத்தூள் புகாத மூடிய மோட்டரே நல்லது. கழித்துவிட்ட சலவை இயந்திர மோட்டர் மலிவுதான், ஆனால் அது பெரும்பாலும் திறந்த உடல். தூள் அடைத்தால் சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். கனமான மரத்தைச் சுழற்றித் தொடங்கக் கப்பாசிற்றர் உள்ள மோட்டர் வேண்டும். பழைய கப்பியின் துளை அரை அங்குலமா, ஐந்தெட்டு அங்குலமா என்று அளந்து, அதற்கேற்ற தண்டு பாருங்கள். சுழலும் திசையும் முக்கியம். மாறிச் சுழன்றால் மரத்தைப் பிடிக்கும் தட்டு புரி கழன்றுவிடும்.

கடைக்குப் போகுமுன் பழைய மோட்டரின் தகட்டைத் துடைத்து வாசியுங்கள். அதிலுள்ள சுற்று, சைக்கிள், வோல்ற் மூன்றையும் எழுதிக் கொண்டு போங்கள். குதிரைவலுவைப் பிறகு பேசிக் கொள்ளலாம்.