தோட்டத்துக் கரையானும் துறைமுகக் கரப்பானும்

மலாயாவை ஆண்ட ஆங்கிலேயர் கரையானை ‘வெள்ளை எறும்பு’ என்றே அழைத்தனர். செல், சிதல் எனத் தனிப்பெயர் இட்டவர் தமிழர். ஏடுகளை அது தின்றதைச் ‘செல்லரித்தல்’ என்றனர். பெயரிட்டதில் தமிழே தெளிவுடையது. கரையானுக்கு நெருங்கிய சுற்றம் எறும்பன்று, கரப்பான் பூச்சியே. எறும்பு கூட்டுப்புழுவாகிப் பின் உருமாறும். இவ்விரண்டிற்கும் அந்நிலை இல்லை. மரந்தின்னும் அமெரிக்கக் காட்டுக் கரப்பானின் குடலிலும் கரையானுக்குரியவை போன்ற நுண்ணுயிர்கள் வாழ்வதைக் கிளீவ்லண்டு 1934இல் விரித்தெழுதினார். 2007இல் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியக ஆய்வாளர்கள் மரபணுச் சான்று கொண்டு கரையானைக் கரப்பான் குடும்பத்திலேயே சேர்த்தனர்.

உறவினராயினும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இவற்றின் வரலாறு வேறு வேறு. சாக்கடைகளில் திரியும் பெருங்கரப்பானுக்கு லின்னேயசு 1758இல் ‘அமெரிக்கானா’ என்று பெயர் சூட்டினார். அதன் தாயகமோ ஆப்பிரிக்கா. கப்பற் சரக்கோடு உலகைச் சுற்றிய அப்பூச்சிக்கு, 1901இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம் போன்றவையே வாயில்கள்.

கரையான் இம்மண்ணின் காட்டுக்குடி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடழித்து இரப்பர் நட்டபோது, வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் மண்ணிலேயே கிடந்தன. அவற்றில் குடியிருந்த கரையான் பால்மரத்தின் வேர்வழியே நுழைந்து உள்ளீட்டைத் தின்றது. பசுமையாய் நின்ற மரம் ஒரு காற்றில் சாய்ந்தது. இக்கரையானின் காவற்படை, தாக்கப்பட்டால் தலையிலிருந்து வெண்ணிற நீரைக் கக்கும். பால்மரத்தின் பகைக்கும் பால் வாய்த்தது விந்தையே!

புதைந்த கட்டைகளைத் தோண்டி அகற்றுவதே அன்று கூறப்பட்ட முதன்மையான தீர்வு. சொல்வது எளிது. மண்வெட்டியும் கோடரியுமாய் அவ்வேலையில் வருந்தியோர் தோட்டத் தொழிலாளர். சிலாங்கூர்த் தோட்டங்களில் அவருள் மிகுதியானோர் தமிழர். கரையான் அழித்த மரங்களை எண்ணிய அறிக்கைகளில் அம்மக்களின் பெயர்களைத் தேடுவது வீண்.

அவ்வறிக்கைகள் மரங்கொல்லியை ‘டெர்மிஸ் கெஸ்ட்ராய்’ என்றன. அது வேறோர் இனம் என்பது பின்னர் தெளிந்து, ‘காப்டோடெர்மிஸ் கர்விக்னேதஸ்’ என்னும் பெயர் நிலைத்தது. கெஸ்ட்ராய் என்பதோ இன்று கோலாலம்பூர் வீடுகளைத் தின்னும் அதன் உறவினம். செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்சில்கூடச் செங்கல் அதற்குத் தடையன்று. சுவரில் மண்குழாய் கட்டி ஏறிக் கூரைச் சட்டத்தை அடைந்துவிடும். கீழே சாக்கடையில் கப்பலேறி வந்த உறவினன் திரிந்துகொண்டிருப்பான்.